நோட்டுல ஏறாத மொய்

பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு நோட்டுப் புஸ்தகம் குடுத்துத் தர்மம் பண்ணணும்னு கிளம்பிட்டியாக்கும் அப்பு? ரொம்பச் சந்தோசம். உக்காரு, ஐயா ரெண்டு வார்த்தை சொல்றேன். மொதல்ல நல்ல போட்டோக்காரனாப் பாத்துப் பிடி. குடுக்குற பொருளு முன்னப் பின்ன இருந்தாலும் போகுது, படம் தெளிவா விழணும். ஒத்த நோட்டுப் புஸ்தகத்தை ஏழு பேரு சேந்து பிடிச்சுக்கிட்டு நிக்கணும். வாங்குற புள்ளையோடது எட்டாவது கை. அது மூஞ்சி தெரியாட்டி என்ன, உன் மூஞ்சி தெரியணும். படம் பிடிக்கிறவன் ‘கண்ணு மூடிருச்சு, இன்னொன்னு’ம்பான். குடுத்த நோட்டைப் புள்ளைகிட்டேருந்து திருப்பி வாங்கி மறுபடி குடுக்கணும். ஒரே நோட்டை மூணு தடவை குடுத்த வள்ளல்னு உன் பேரு நெலைச்சு நிக்கும். பாரி கூடத் தேரை ஒரு தடவைதான் குடுத்தான்.

நீர்மோர்ப் பந்தல் வைக்கிற எண்ணம் இருந்தாலும் சொல்லு. அதுக்கும் ஒரு முறை இருக்கு. பந்தல் நாலு முழம், ஃபிளக்ஸு நாப்பது முழம். தொறப்பு விழா அன்னிக்குத் தர்பூசணி, வெள்ளரிப் பிஞ்சு, மோரு எல்லாம் உண்டு. மூணாம் நாளு மோருல தண்ணி இருக்கும். அஞ்சாம் நாளு தண்ணி மட்டும் இருக்கும். எட்டாம் நாளு பானை இருக்கும். அக்கினி நட்சத்திரம் பொறக்குறப்ப ஃபிளக்ஸு மட்டும் நிக்கும், அந்த நெழல்ல ரெண்டு ஆடு படுத்திருக்கும். புண்ணியம் ஆட்டுக்காச்சும் போய்ச் சேந்துச்சேன்னு நாமளும் மனசைத் தேத்திக்கலாம்.

பாரின்னு சொன்னதும் சிரிக்கிறே. அவன் ஆண்ட பறம்பு மலை எங்கயோ இல்லப்பு. சிங்கம்புணரிக்குப் பக்கத்துல பிரான்மலைன்னு சொல்றாகளே, அதுதான். நம்ம புதுக்கோட்டைச் சீமையிலேருந்து ஒரு பஸ்ஸு மாறினா மத்தியானச் சோத்துக்குத் திரும்பிரலாம். முல்லைக் கொடி படரக் கொம்பு இல்லாம காத்துல ஆடுச்சாம், தேரை நிறுத்திப்புட்டு நடந்து போயிட்டானாம். படிச்ச புள்ளைக நீங்க கேக்குறீக, ‘ஐயா, ஒரு குச்சியை ஒடிச்சு ஊனியிருந்தாப் போதாதா, தேரு என்ன வெலை’ன்னு. நியாயமான கேள்விதான். நானும் ஒண்ணு கேக்குறேன். உன் வீட்டு வாசல்லேருந்து பஸ் ஸ்டாப்பு வரைக்கும் எத்தனை கொடி தரையில கெடக்கு? ஒண்ணுக்காச்சும் குச்சி ஊனினியா? தேரைக் குடுத்தவனைக் கிறுக்கன்னு சொல்றதுக்கு, குச்சி ஊனினவனுக்குத்தான் வாய் இருக்கணும்.

நம்மாளுகளுக்குக் குச்சின்னா எளக்காரம். குடுத்தா தேருதான் குடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிப்பாக. தேரு இல்லையேன்னு சும்மா உக்காந்துக்குவாக. ‘ஒரு கோடி கையில வரட்டும், அப்புறம் பாரு என் கையை’ம்பான். இப்பவே பாக்குறோமேப்பா, மூடித்தானே இருக்கு.

சரி, வெவகாரத்துக்கு வர்றேன். நம்ம பக்கத்து மொய் விருந்தைப் பத்தி உன் ஆபீஸ்ல எவனோ கேலி பேசினான்னு சொன்னியே. ‘சோத்தைப் போட்டுக் காசு பறிக்கிற ஊரு’ன்னானாம். அவனுக்கு வெவரம் பத்தலை. ஆடி பொறந்தா ஆவணி முடிய, பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், நெடுவாசல்னு ஊரு ஊரா மொய் விருந்து நடக்கும். பத்துப் பதினஞ்சு பேரு கூட்டுச் சேந்து ஒரு மண்டபத்தைப் பிடிப்பாக. உள்ள ஆட்டுக்கறிக் கொழம்பு கொதிக்கும். வெளிய ஆளுக்கொரு மேசை, மேசைக்கு ஒரு நோட்டு, பணம் போட ஒரு பாத்திரம். ஒருத்தரு எண்ணி வாங்குவாரு, இன்னொருத்தரு ஊரு பேரோட எழுதிக்குவாரு. இப்பப் பணம் எண்ணுற மிசினு வந்துருச்சு, கம்ப்யூட்டர்ல ரசீது வருது, பேங்க்காரவுகளே பந்தலுக்குள்ள வந்து மேசை போட்டு உக்காந்துக்கிறாக.

ஒரு குடும்பம் அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை விருந்து வைக்கலாம். அந்தப் பணத்துல போரு போட்டவன் உண்டு, வீடு கட்டினவன் உண்டு, மகளைக் கட்டிக் குடுத்தவன் உண்டு, மகனைச் சிங்கப்பூருக்கு ஏத்திவிட்டவன் உண்டு. வட்டி கெடையாது, பத்திரம் கெடையாது, ஈடா எழுதிக் குடுக்க நெலமும் வேணாம். நமக்கு வச்சவுக விருந்து போடுறப்ப வாங்கினதைத் திருப்பி வைக்கணும், அதோட கொஞ்சம் சேத்து வைக்கணும். அப்படிச் சேத்து வைக்கிறதுக்குப் புது நடைன்னு பேரு. அதுதான் அடுத்த சுத்துக்குப் பிடிமானம். வாங்கினதை மட்டும் ஒத்தப் பைசா கூடாம வச்சுட்டுப் போனா, ‘உன் சங்காத்தம் போதும்’னு அர்த்தம். வாயைத் தொறக்காமலே ஒறவை முறிச்சுக்கலாம். எம்புட்டு நாகரிகம் பாரு.

இதுல என்னப்பு கேவலம்? இது தர்மம்னு எவனும் மைக்குல சொல்லலையே. குடுத்தேன், எழுதினேன், திருப்பி வையி. முடிஞ்சுது கணக்கு. மொய் நோட்டைப் போல யோக்கியமான புஸ்தகம் ஊருல இல்லை. அதுல இருக்குற தொகை நாளைக்குக் கூடாது, மறுநாளு கொறையாது. யாரு வேணா பிரிச்சுப் பாக்கலாம்.

யோக்கியமில்லாத நோட்டு வேற ஒண்ணு இருக்கு. அது நெஞ்சுக்குள்ள இருக்கு. ‘நான் பிரதிபலன் பாக்குறதே இல்லீங்க’ம்பான், ஆனா உள்ளுக்குள்ள நோட்டு தெறந்தே கெடக்கும். அதுல எழுதுற தொகைக்கு வட்டி உண்டு, வட்டிக்குக் குட்டி உண்டு. வாங்கினவனுக்குத் தொகை எவ்வளவுன்னு தெரியாது, எப்பக் கட்டணும்னு தெரியாது, கட்டி முடிச்சா ரசீதும் கெடைக்காது. கந்துவட்டிக்காரனாச்சும் என்னைக்காவது ஒரு நாளு பத்திரத்தைத் திருப்பிக் குடுத்துருவான்.

இதே ஊருல ஒரு பெரியவரு இருந்தாரு. பங்காளி வீட்டுக் கலியாணத்துக்கு வாசல்ல கட்ட ரெண்டு வாழை மரம் குடுத்தாரு, குலையோட. நல்ல மனுசன்தான். ஆனா அந்த வீட்டு வாசலைக் கடக்குறப்பெல்லாம் நின்னு, ‘இந்தத் தூணுலதானே நம்ம வாழையைக் கட்டினது’ம்பாரு. கலியாணம் ஆன புள்ளைக்குப் புள்ளை பொறந்துச்சு, ‘நம்ம வாழை ராசி’ன்னாரு. அதுக்குக் காது குத்தினாக, ‘என்னதான் இருந்தாலும் அன்னிக்கு நம்ம வாழை நின்ன அழகே அழகு’ன்னாரு. அந்த வீட்டு மாப்பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பாத்தான். ஒரு நாளு விடியக்காலம் நல்ல பூவன் கன்னு ரெண்டைக் கொண்டாந்து அவரு வாசல்ல வச்சுட்டு, ‘மாமா, ரெண்டையும் வளத்து, குலை தள்ளினதும் வெட்டிக்கங்க. அதுவரைக்கும் நம்ம வீட்டு வழியா வர வேணாம்’னு கும்பிட்டுட்டுப் போயிட்டான். ஊரே சிரிச்சுச்சு. அப்புறமும் அவரு என்ன சொன்னாருங்குறே? ‘நான் குடுத்தது குலையோட, இவன் குடுத்தது வெறுங் கன்னு’ன்னாரு.

திருக்குறள்ல அதிகாரத்தை அடுக்கியிருக்குற வரிசையைப் பாரு. ஒம்பதாவது விருந்தோம்பல். பத்தாவது இனியவை கூறல். பதினொண்ணாவது செய்ந்நன்றி அறிதல். சோத்தைப் போடு, அதுக்கு அடுத்தாப்புல நாலு நல்ல வார்த்தை பேசுன்னு குடுக்குறவனுக்கு ரெண்டு அதிகாரம். நன்றியை மறக்காதேன்னு வாங்குறவனுக்கு ஒண்ணு. நம்மாளு என்ன பண்றான்? தனக்கு எழுதின ஒம்பதையும் பத்தையும் தாண்டிக் குதிச்சு, அடுத்தவனுக்கு எழுதின பதினொண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான். பாடத்தை மாத்திப் படிச்சவன் எந்தப் பரீட்சையில தேறினான்?

அடுத்தவன் பரீட்சையை விடு. உன் கணக்குக்கு வா. வாரத்துல மூணு நாளு வீட்டுக்குப் பார்சலு வருதுல்ல? கொண்டாந்து குடுக்குற பையன் உச்சி வெயில்ல மாடி ஏறி வந்து நிக்கிறான். ஒரு சொம்புத் தண்ணி வேணுமாப்பான்னு கேட்டியா? கேட்டா, ‘போன்ல அஞ்சு நட்சத்திரம் குத்திட்டேன் ஐயா’ங்குறே. நட்சத்திரத்தைக் குடிச்சா தாகம் அடங்குமா? அவன் போனப்புறம் ஃபிரிட்ஜைத் தொறந்து நீ குடிச்சியே, அந்தப் பாட்டில்ல அவனுக்கு ஒரு வாய் இல்லாமப் போச்சா?

பூக்காரம்மாகிட்ட நீ பேரம் பேசின அழகையும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கீரமங்கலத்துப் பூ அது. விடியுறதுக்கு முன்ன தலையில லைட்டைக் கட்டிக்கிட்டுக் கொல்லையில பறிக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாள்ல வெலை விழுந்து, பறிகூலிக்குக் கட்டாம குப்பையில கொட்டிட்டு வந்த சம்சாரிக இந்தப் பக்கம் ஏராளம். நீ என்ன பண்ணினே? அந்தம்மா மொழம் போடுற கையையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு, ‘உங்க மொழம் சின்னதா இருக்கே’ன்னே. அந்தம்மா கை அம்புட்டுதான் ராசா, அதை ஆண்டவன்கிட்டக் கேக்கணும். அப்புறம் அஞ்சு ரூபாயைக் கொறைச்சே. கொறைச்சதை வாங்கிக்கிட்டு அந்தம்மா என்ன பண்ணுச்சு, பாத்தியா? முடிச்சுப் போட்டு நறுக்குறதுக்கு முன்ன ஒரு சாண் பூவைச் சேத்து விட்டுச்சு, ‘வீட்டுல பாப்பாவுக்கு வையிங்க’ன்னு. இப்பச் சொல்லு. பேண்டு சட்டை போட்ட நீ ஏழையா, கூடை வச்சிருக்குற அந்தம்மா ஏழையா? அந்தச் சாண் பூ எந்த நோட்டுல ஏறுச்சு?

கொசுறுங்குறதை லேசா நெனைக்காதே அப்பு. காய்க்கடையில கருவேப்பிலை கொசுறு. மளிகைக் கடையில கூடப் போன புள்ளைக்குக் கொஞ்சம் பொட்டுக்கடலை கொசுறு. வெலை பேசுறது யாவாரம், கொசுறு போடுறது ஒறவு. இப்ப உன் பட்டணத்துக் கடையில எல்லாத்தையும் எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டிருக்கான், பைக்கும் காசு கேக்குறான், கருவேப்பிலைக்குப் பிளாஸ்டிக்குல சட்டை மாட்டி வெலை போட்டிருக்கான். நீயும் அங்க மட்டும் பேரம் பேசாம சிரிச்சுக்கிட்டே கார்டைத் தேய்க்கிறே. கண்ணாடிக் கதவு போட்ட கடையில வாயைத் தொறக்கிறதில்லை, தரையில சாக்கு விரிச்சவகிட்ட மட்டும் பொருளாதாரம் பேசுறே.

பலாப்பழம் அறுத்திருக்கியா? யூடியூப்புல பாத்ததைக் கேக்கலை. வடகாட்டுப் பலா சித்திரை வைகாசியில வந்து எறங்கும். ஒண்ணை வாங்கிட்டா, கஞ்சப் பிரபுவும் அன்னிக்கு ஒரு பொழுது வள்ளல்தான், வேற வழியே இல்லை. மாம்பழத்தை ஒளிச்சு வச்சுத் திங்கலாம். பலாவை ஒளிக்க முடியாது, அந்த வாசனை மதிலேறிக் குதிச்சு அடுத்த வீட்டுல போய்ச் சொல்லிப்புடும். உங்க அப்பத்தா அறுக்குறப்ப பாக்கணும். சாக்கை விரிச்சு, கத்தியிலயும் ரெண்டு கையிலயும் எண்ணெயைத் தடவிக்கிட்டு உக்காருவா. பழத்தை ரெண்டாப் பொளந்ததும் வெள்ளையாப் பாலு வழியும், அதைப் பழந்துணியை வச்சு ஒத்தி ஒத்தி எடுப்பா. நடுத்தண்டைச் சீவி எறிவா. அப்புறம் ஒவ்வொரு சொளையா நாரை விலக்கிப் பிடுங்கி, கொட்டையை ஒரு பக்கம், சொளையை ஒரு பக்கம் போடுவா. அவ கை சொளையைப் பிடுங்கும், வாய் ஊருக்குப் பங்கு பிரிக்கும். ‘இது கெழக்கு வீட்டுக்கு, அவ மாசமா இருக்கா. இது டீச்சரு வீட்டுக்கு. இது அந்த வாய்க்காரி வீட்டுக்கு, அவளுக்கும் ஒரு கிண்ணம் போகட்டும், திங்குற வரைக்குமாச்சும் வாய் மூடியிருக்கும்.’ பிடிக்காதவளுக்கும் ஒரு கிண்ணம் போச்சா இல்லையா? அம்புட்டுதான் கணக்கு. மனசு வெள்ளையான பெறகுதான் குடுப்பேன்னு காத்துக்கிட்டு இருந்தா சொளை அழுகிப்போகும்.

அப்படிப் போன கிண்ணம் வெறுங் கிண்ணமாத் திரும்பாது. ரெண்டு நாளு கழிச்சு முருங்கைக்கீரையோட வரும், இல்லாட்டி ஒரு கரண்டி ஊறுகாயோட வரும். ஒண்ணுமே இல்லைன்னா ஒரு பிடி சக்கரையாச்சும் இருக்கும். இப்ப என்ன ஆச்சு? எல்லா வீட்டுலயும் ஓட்டல்லேருந்து வந்த பிளாஸ்டிக் டப்பா அடுக்கியிருக்கு. ‘திருப்பித் தர வேணாம், தூக்கிப் போட்டுருங்க’ன்னு சொல்லிக் குடுக்குறாக. பாத்திரம் வெளக்குற வேலை மிச்சம், அடுத்த வீட்டுக்கு நடக்குற வேலையும் மிச்சம்.

நீ என்ன கேக்க வர்றேன்னு தெரியும். ‘அப்பக் கிண்ணத்துல கீரை வச்சு அனுப்புறதும் மொய்தானே ஐயா?’ன்னு கேப்பே. ஆமாப்பு, மொய்தான். ஆனா எவ்வளவுன்னு எழுதலை பாரு. பலாச்சொளைக்குக் கீரை, கீரைக்கு ஊறுகா, ஊறுகாய்க்குக் கொல்லையில காச்ச ரெண்டு எலுமிச்சங்கா. யாரு யாருக்குப் பாக்கின்னு தெரியாம கிண்ணம் மட்டும் போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருக்கும். என்னைக்கு ஒருத்தி ‘நான் இருபது சொளை குடுத்தேன், அவ ரெண்டு இணுக்குக் கீரை குடுத்தா’ன்னு எண்ணுறாளோ, அன்னிக்குக் கிண்ணம் அடுப்படியிலயே நின்னுபோகும். பெரிய தொகையை எழுதி வையி, சின்னதை மறந்துரு. நம்மாளு தலைகீழாப் பண்றான். பேங்க்குல வாங்கின கடனை மறந்துடுறான், அடுத்த வீட்டுக்குக் குடுத்த ஆழாக்குச் சக்கரையை ஆயுசுக்கும் ஞாபகம் வச்சிருக்கான்.

குடுக்குறப்ப கேள்வி கேக்காதே. இதையும் முடிஞ்சு வச்சுக்க. பத்து ரூபாயைப் பையிலேருந்து எடுக்குறதுக்குள்ள ‘எந்த ஊரு, ஒடம்பு நல்லாத்தானே இருக்கு, வேலைக்குப் போனா என்ன, குடிப்பியா’ன்னு பதினாறு கேள்வி. பத்து ரூபாய்க்கு அம்புட்டு விசாரணைன்னா, கோடிக் கணக்குல வாங்கினவனை எத்தனை கேள்வி கேட்டிருக்கணும்? வள்ளலாரு 1867-ல வடலூர்ல தருமசாலையைத் தொடங்கி ஒரு அடுப்பை மூட்டிவிட்டாரு. அது இன்னிக்கு வரைக்கும் அணையலை. அங்க போய் எலையில உக்காந்தவனை என்ன சாதி, எதுக்கு வந்தேன்னு கேக்குறது கெடையாது. பசிங்குறது வயித்துலயே எழுதியிருக்கு, அதுக்கு மேல என்ன சர்ட்டிபிகேட்டு?

கோயமுத்தூரு ஆலாந்துறைப் பக்கம் வடிவேலம்பாளையத்துல கமலாத்தாள்னு ஒரு பாட்டி, ஒத்த ரூபாய்க்கு இட்லி சுட்டுக் குடுத்தாகளே, 2019-ல பத்திரிகையெல்லாம் எழுதுச்சு. வெறகடுப்புல சுட்டது, ஆட்டுக்கல்லுல அரைச்ச சட்டினி. ‘அந்த ஒரு ரூபாயையும் எதுக்கு வாங்கணும், சும்மாவே குடுத்துரலாமே’ன்னு உன்னை மாதிரிக் கெட்டிக்காரன் கேப்பான். அந்த ஒத்த ரூபாயிலதான்டா சூட்சுமமே இருக்கு. ரூபாயைக் குடுத்தவன் பிச்சைக்காரன் இல்லை, கஸ்டமரு. ‘இன்னும் கொஞ்சம் சட்டினி ஊத்து பாட்டி’ன்னு அதட்டிக் கேக்கலாம். கூலிக்காரன் வவுறும் நெறையுது, தலையும் நிமிந்தே இருக்குது. அடுத்தவன் தலை குனியாமக் குடுக்குறதுக்குப் பணம் வேணாம், கூறு வேணும். கூறு கடையில கெடைக்காது, அதனாலதான் நெறையப் பேரு பணத்தோட நிறுத்திக்கிறாக.

பழைய ரோட்டோரமாச் சொமைதாங்கிக் கல்லு பாத்துருக்கியா? ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லைக் குறுக்கப் போட்டிருக்கும், ஏறக்கொறைய ஆளு நெஞ்சு ஒசரம். தலைச்சொமையோட நடந்து போறவுக, ‘ஒரு கை குடுங்க’ன்னு ஆளைத் தேட வேணாம். தானே அந்தக் கல்லு மேல சாச்சு வச்சுட்டு எளப்பாறலாம், தானே திரும்பத் தலைக்கு ஏத்திக்கலாம். வயித்துப் புள்ளையோட செத்துப்போன பொம்பளை நெனப்புக்கு வச்ச கல்லு அது. எறக்க முடியாத சொமையோட ஒருத்தி போய்ச் சேந்துட்டா, வழியில போற வேற எவளாச்சும் எறக்கி வச்சு மூச்சு வாங்கட்டும்னு குடும்பத்தாரு வச்சாக. பக்கத்துலயே மாடு ஒடம்பைத் தேச்சுக்க ஒரு கல்லு நட்டிருப்பாக. மாடு மேடையேறி நன்றி சொல்லும்னா நட்டாக? ரோட்டை அகலப்படுத்துறப்ப நெறையக் கல்லு போயிருச்சு. டோல்கேட்டு வந்துருச்சு. அங்கயும் நின்னு எளப்பாறலாம், காசு கட்டிட்டு.

அப்படி நன்றி எதிர்பாக்காமக் குடுக்குற பொறப்பு அழிஞ்சுபோயிரலை. 2024-ல மதுரை ஒத்தக்கடைப் பக்கம் கொடிக்குளத்துல பூரணம்னு ஒரு அம்மா, பேங்க்குல கிளார்க்கா வேலை பாக்குறவுக, ஒரு ஏக்கர் 52 சென்ட் நெலத்தை அரசுப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுத்தாக. ஏழு கோடி பெறும்னு பேப்பர்ல போட்டான். தன் பேரைப் போடச் சொல்லலை. செத்துப்போன தன் மக ஜனனி பேரைத்தான் வைக்கச் சொன்னாக. நம்ம ஊருல ரெண்டு பிளாஸ்டிக் சேரு வாங்கிக் குடுத்துட்டு, முதுகுப் பக்கம் அப்பன், பாட்டன், பூட்டன் பேரு வரைக்கும் பெயிண்ட்டுல எழுதி வச்சிருக்கான். சாஞ்சு உக்காந்தா நம்ம சட்டையில அவன் வம்சமே ஒட்டிக்குது.

நம்ம ஊருக்கும் குடுக்கத் தெரியாம இல்லை. 2018 நவம்பர் 16 கருக்கல்ல கஜாப் புயலு அடிச்சுதே, நெனப்பிருக்கா? நிமிந்து நின்ன தென்னையெல்லாம் படுத்துருச்சு, பலா வேரோட சாஞ்சுது. வாரக் கணக்காக் கரண்டு இல்லை. தண்ணி ஆழ்குழாய்க்குள்ள இருக்கு, மோட்டாரு ஓட வழியில்லை. அப்ப ஜெனரேட்டரு வச்சிருந்தவன் எந்தத் தெரு எந்த ஆளுன்னு பாக்காமத் தொட்டியை நெரப்பி விட்டான். ஒரே அடுப்புல நாலு வீட்டுக்குக் கஞ்சி கொதிச்சுது. வெளி மாவட்டத்துலேருந்து கம்பம் நட வந்த மின்வாரியத் தொழிலாளிகளுக்கு, கூரை பறந்த வீட்டுக்காரி சோறு பொங்கிப் போட்டா. வம்பன் நால்ரோட்டுல ஒரு டீக்கடைக்காரரு, புயல்ல அடிபட்ட சனங்களோட டீப் பாக்கியெல்லாம் தள்ளுபடின்னு சொல்லிப்புட்டாரு. அரசாங்கம் தள்ளுபடி அறிவிக்கும், நாம மனுப் போட்டுக் காத்திருப்போம். அவரு மனுவே வாங்காமத் தள்ளினாரு.

அப்புறம் கரண்டு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே எல்லாரும் உள்ள போய்க் கதவைச் சாத்திட்டு டிவியைப் போட்டுக்கிட்டாக. அடுத்த வீட்டுக்காரன் பேரைத் தெரிஞ்சுக்க ஒவ்வொரு தடவையும் ஒரு புயலு வரணும்னா, வங்காள விரிகுடாவுக்குக் கட்டுபடியாகாதுப்பா.

குடுக்குறதைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கோம். வாங்கிக்கிறதுக்கும் ஒரு படிப்பு வேணும். நீ போன மாசம் நம்ம கொல்லையில களை எடுக்குற ஆத்தா வீட்டுக்குப் போனியே, என்ன பண்ணினே? அது அடுப்பைப் பத்தவச்சு, கடைக்கு ஓடிப் பாலு வாங்கியாந்து, காப்பி போட்டு நீட்டுச்சு. நீ, ‘ஐயையோ எனக்கு வேணாம், நான் சக்கரை சேக்குறதில்லை, பாலு ஒத்துக்காது’ன்னு பின்னாலயே நகந்தே. ஒரு முழுங்கு குடிச்சிருந்தா செத்தா போயிருப்பே? பொங்கலுக்கு அதுக்குப் பொடவை எடுத்துக் குடுத்தே, அது ரெண்டு கையாலயும் வாங்கிக்கிச்சு. அது ஒரு காப்பி குடுத்தா, உன்னால ஒரு கையால வாங்கிக்க முடியலை. நீ மட்டும் குடுத்துக்கிட்டே இருப்பே, அடுத்தவுக வாங்கிக்கிட்டே இருக்கணும்னா, அதுக்குப் பேரு தர்மம் இல்லை. அதுக்குப் பேரு ஜமீனு. ஜமீனை ஒழிச்சு எம்புட்டு வருசமாச்சு, உனக்குச் சேதி வரலையா?

இன்னும் கொஞ்சம் ஒறைக்கிற மாதிரியே சொல்றேன், கேட்டுக்க. டீக்கடையில சாதி பாத்து ரெண்டு கிளாஸு வச்சிருந்த ஊருகதானே நம்ம ஊருக. அந்தக் கிளாஸு வச்சிருந்த அதே ஆளுக கோயில் வாசல்ல அன்னதானம் போட்டாக. அரிசி மூட்டை மூட்டையாப் போச்சு, தனிக் கிளாஸு குடுத்த சனங்களோட தெருவுல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கத் தொண்டை தொறக்கலை. ஆயிரம் பேருக்குச் சோறு போட்டவனைக் கும்பிடுறதுக்கு முன்ன, அவன் யாரு வீட்டுத் தண்ணியைக் குடிச்சான்னு கேளு. அந்தக் கணக்கை எழுத ஊருல நோட்டே கெடையாது. எழுத ஆரம்பிச்சா நெறைய வள்ளலுக உக்காந்த எடத்தை விட்டு எந்திரிக்க வேண்டி வரும்.

என்ன, மூஞ்சி சுருங்கிப்போச்சு? கெழவன் ரொம்பப் பேசிட்டான்னு பாக்குறியா? சரி, உனக்காகச் சுருக்கிச் சொல்றேன். மொய்யை நோட்டுல எழுது, வாங்கினதைப் புது நடையோட திருப்பி வையி. மத்ததை எதுலயும் எழுதாதே. பார்சலு பையனுக்குத் தண்ணி குடு. பூக்காரம்மா கை அளவைக் கொறை சொல்லாதே. கிண்ணத்தை வெறுங் கிண்ணமா அனுப்பாதே. எவளாச்சும் காப்பி குடுத்தா மூடிக்கிட்டுக் குடி. பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் புஸ்தகம் வாங்கி வச்சிருக்கியே, அதைத் தலைமையாசிரியர் ரூம்புல வச்சுட்டு, போனைச் சட்டைப் பையிலேருந்து எடுக்காம வெளிய வா.

வர்ற வழியில யாருகிட்டயும் சொல்லாதே. சாயங்காலம் என்கிட்ட வந்தும் சொல்லாதே. அம்புட்டு முடிஞ்சுதுன்னா உனக்குப் பாதித் தர்மம் கைவந்துருச்சு. மிச்சப் பாதி, ராத்திரி பொண்டாட்டிகிட்டச் சொல்லாம இருக்குறது. அதைப் பாரி வரைக்கும் எந்த வள்ளலும் சாதிச்சதா எனக்குத் தகவல் இல்லை.